தலை கவிழ்த்துப் போட்ட ஓட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர், சின்ன டீச்சர் என்று இரண்டு பேர். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தோளுக்குத் தோள் சரியாக இருக்கும். இரண்டாம் வகுப்புக்காரி முன்னால் வந்து சேர்ந்தவள், அதனால் பெரியவள். மூன்றாம் வகுப்புக்காரி பின்னால் வந்தவள், அதனால் சின்னவள். அவ்வளவுதான் விஷயம்.

சின்னவள் வேலைக்கு வந்த முதல் நாளே பிள்ளைகள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். பெரியவள் கதவுக்கு வெளியே நின்று, அவளுடைய பிள்ளைகளைத் தன் வகுப்பில் உட்கார வைத்திருப்பதாகவும், ஒன்றும் அவசரமில்லை, நிதானமாக அழுது முடித்துவிட்டு வரலாம் என்றும் சொன்னாள். உள்ளே அழுகை நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்த "அக்கா". சின்னவளின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் போட்டுச் சமாளித்தது பெரியவள்தான். மத்தியானம் டப்பாவைத் திறந்தால் இரண்டு பேர் கரண்டியும் இரண்டு டப்பாவுக்கும் போய்வரும். கூடப்பிறந்தவர்கள்கூட இப்படி இருக்க மாட்டார்கள் என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும்.

பெரிய டீச்சரின் உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால், வியாழக்கிழமை கடைசி மணியில் இருந்தது. அது சமூகப் பாட நேரம். பாடப் புத்தகத்தில், நல்ல குடிமக்கள் வரிசையில் நிற்பார்கள், குப்பையைத் தொட்டியில் போடுவார்கள் என்று படத்தோடு போட்டிருக்கும். பிள்ளைகள் அதை ராகம் போட்டுப் படிப்பார்கள். மணி அடித்ததும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, புத்தகத்தை மிதித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இரண்டு வருஷம் இதைப் பார்த்துவிட்டு அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். வீட்டில் பரணில் கிடந்த செருப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் கொட்டி, இதில் ஒரு ஊர் கட்டுங்கள் என்றாள்.

கட்டினார்கள். தபால் நிலையம், தீயணைப்பு நிலையம், ஆஸ்பத்திரி, நகராட்சி அலுவலகம், இரண்டு தெரு வீடுகள். முன்பல் இரண்டும் விழுந்து பொக்கை என்று பேர் வாங்கியிருந்த பையன் ஒரு ஐஸ்கிரீம் கடை கட்டினான். பழைய நீலத் துண்டு ஒன்றை விரித்து ஆறு ஓடவிட்டார்கள். எல்லாம் ஆன பிறகு டீச்சர் ஒரு கேள்வி கேட்டாள். குப்பை எங்கே கொட்டுவீர்கள்?

அதற்கு முன்னால்வரை அந்த ஊரில் எல்லாரும் சொந்தக்காரர்கள். அந்தக் கேள்விக்கு அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. என் வீட்டுப் பக்கம் வேண்டாம், என் ஆஸ்பத்திரிப் பக்கம் வேண்டாம் என்று ஒரே களேபரம். சரி, ஓட்டு போடலாம், கை தூக்குங்கள் என்றாள் டீச்சர். வகுப்பிலேயே உயரமான பையன் ஒருவன் இருந்தான். அவன் கை எப்போது எழுகிறதோ அப்போது எல்லாக் கையும் எழுந்தது, அவன் இறக்கினால் எல்லாம் இறங்கிற்று. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வேறு வழி கண்டுபிடித்தாள். எல்லாரும் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்படியே கையை மட்டும் தூக்க வேண்டும். டீச்சர் எண்ணிச் சொல்லுவாள். எட்டிப் பார்த்தால் அன்றைக்கு ஓட்டு கிடையாது.

முதல் ஓட்டில் குப்பை பொக்கையின் கடை வாசலுக்குப் போயிற்று. அவன் தேம்பித் தேம்பி அழுதான். அடுத்த வாரம் ஒரு பெண் எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு வக்கீல் என்று பேர். குப்பை எல்லாருடையதுதானே, நாற்றத்தை மட்டும் ஏன் இவனே மோந்து பார்க்கணும் என்று கேட்டாள். மறுபடி தலை கவிழ்த்தார்கள். குப்பை மேடு வாரம் ஒரு வாசலுக்கு நகர வேண்டும் என்று முடிவாயிற்று. தன் வீட்டு வாசலுக்குக் குப்பை வரும் என்று தெரிந்தும் கை தூக்கிய பிள்ளைகளை அன்றைக்கு டீச்சர் ஒருத்திதான் பார்த்தாள்.

அடுத்து ஆற்றுக்குப் பாலம். ஆஸ்பத்திரி ஓரமா, பள்ளிக்கூட ஓரமா என்று மாடிப்படியில்கூட சண்டை நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஆள் வந்து, சின்ன வகுப்புகளுக்குக் கணக்குத் தேர்வு வைக்கப் போவதாகவும், மட்டமாக வாங்கும் பள்ளியைக் கேள்வி கேட்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எச்.எம். அம்மா எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டார். இரண்டாம் வகுப்பு சமூகப் பாட நேரத்தைக் கணக்குக்குத் திருப்பலாம் என்று நினைக்கிறேன், என்ன சொல்கிறீர்கள் என்றார்.

பெரிய டீச்சர் வாதாடிப் பார்த்தாள். கடைசியில், நீங்கள் ஒருவர் முடிவு செய்ய வேண்டாம், இங்கே இருக்கிற ஆறு பேரும் ஓட்டு போட்டுச் சொல்லட்டும் என்று கேட்டாள். எச்.எம். அம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயம் கேட்டால் காதை மூடிக்கொள்கிறவர் இல்லை. திங்கட்கிழமை ஓட்டு என்றார்.

நடுவில் இருந்த நாட்களில் பெரியவள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினாள். பி.டி. சாரிடம், இன்றைக்கு என் மணி, நாளைக்கு உங்கள் விளையாட்டு மணி என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்து, நான் உங்கள் பக்கம் என்றார். ஓவிய சாரும் அப்படியே. ஒன்றாம் வகுப்பு டீச்சர் அந்தச் செருப்புப் பெட்டி ஊரைப் பார்க்கத் தன் பிள்ளைகளையே கூட்டி வருகிறவள், அவளைக் கேட்கவே வேண்டியதில்லை. நாலாம் வகுப்பு சார் மட்டும் பிடி கொடுக்காமல் தலையை ஆட்டினார். சின்னவளிடம் கேட்டபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்கிட்டப் போய்க் கேக்கறீங்களே அக்கா. என் கைதான் முதல்ல எழும்பும்."

இத்தனை பேர் பக்கம் இருந்தும் பெரியவளுக்கு ஒரு பயம் இருந்தது. யாராவது ஒருவர் பின்வாங்கி, அவரைப் பார்த்து மற்றவர்களும் கையை இறக்கிவிட்டால்? அதனால் அவளே போய், எங்கள் வகுப்பு வழக்கப்படி வைத்துக்கொள்ளலாம், எல்லாரும் தலை கவிழ்க்கட்டும், நீங்கள் மட்டும் எண்ணுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கவில்லை என்றால் மனிதர்கள் தைரியமாக மனசில் இருப்பதைச் செய்வார்கள் என்று நம்பினாள். பிள்ளைகள் அப்படித்தானே செய்தார்கள்.

திங்கட்கிழமை ஓய்வறை மேசையைச் சுற்றி ஆறு பேரும் தலையைக் கவிழ்த்தார்கள். தூங்கிவிட்டால் எழுப்பிவிடுங்கள் என்று பி.டி. சார் மேசைக்குள்ளேயே முனகினார். சிரிப்பு எழுந்து அடங்கியது. சமூகப் பாடம் இருக்கட்டும் என்கிறவர்கள் தூக்கலாம் என்று எச்.எம். அம்மாவின் குரல் வந்தது. பெரியவள் கை தூக்கினாள். பக்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அது சின்னவளுடையது. முதலில் எழும்பும் என்றாளே என்று நினைத்து, மூடிய கண்ணுக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். எச்.எம். அம்மா எண்ணுவதற்கு ஏனோ வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அப்புறம் இறக்கச் சொன்னார். கணக்குக்கு விடலாம் என்கிறவர்களைத் தூக்கச் சொன்னார். பிறகு தலை நிமிரச் சொன்னார்.

"இருக்கட்டும்னு ஒண்ணு. மாத்தலாம்னு அஞ்சு."

அந்த ஒன்று தன்னுடைய கை என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது எல்லாரும் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் சின்னவள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தூக்கினேன் அக்கா, சத்தியமாகத் தூக்கினேன் என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பி.டி. சாரும் தூக்கினாராம். ஓவிய சார், தோள்வலி இருப்பதால் பாதிதான் தூக்க முடிந்தது, எச்.எம். அம்மா கண்ணில் படவில்லையோ என்னவோ என்றார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் தன்னைக் கேட்பதே அநியாயம் என்றாள். சாயங்காலம் வீடு போய்ச் சேர்வதற்குள் தன் கையோடு சேர்த்துப் பெரியவளிடம் ஐந்து கை சேர்ந்துவிட்டது. அப்படியென்றால் எண்ணினவர்தான் பொய் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விடேன், வாரத்துக்கு ஒரு மணி நேரம்தானே என்றார். அவளால் விட முடியவில்லை. மணி போனால் போகிறது. ஆனால் எண்ணிக்கையே பொய் என்றால், நாளைக்குப் பிள்ளைகளைத் தலை கவிழ்க்கச் சொல்லிவிட்டு அவள் எந்த முகத்தோடு எண்ணுவாள்?

மறுநாள் காலையில் நேராக எச்.எம். அறைக்குப் போனாள். நீங்கள் எண்ணியது தப்பு என்றாள். எச்.எம். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தப்பு என்றால் கண் தப்பா, மனசு தப்பா என்று கேட்டார். பெரியவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகப் போயிற்று. இருபது வருஷம் நாணயத்துக்குப் பெயரெடுத்த மனுஷியின் முகம் அப்படியே வெளுத்தது.

"நான் ரெண்டு தரம் எண்ணினேன்மா. நீ ஜெயிச்சுடுவேன்னு நினைச்சுட்டுத்தான் எண்ண ஆரம்பிச்சேன். மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."

அப்படியானால் திறந்த கண்ணோடு இன்னொரு தரம் வையுங்கள் என்றாள் பெரியவள். வேண்டாம் என்றார் அவர். இரண்டு தரம் சொன்னார், வேண்டாம்மா, மூடினது மூடினபடி இருக்கட்டும் என்று. அது தன்மேல் இருந்த இரக்கம் என்பது அப்போது பெரியவளுக்குப் புரியவில்லை. குட்டு வெளிப்படும் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தாள். வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று சம்மதிக்க வைத்தாள்.

இடைவேளையில் எல்லாரும் வந்தார்கள். இந்தத் தடவை யாரும் தலையைக் கவிழ்க்கவில்லை. எச்.எம். அம்மா அதே கேள்வியைக் கேட்டார். பெரியவள் கை தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பி.டி. சார் சுழலாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவிய சார் விரல் இடுக்கில் இருந்த சாயத்தைச் சுரண்டினார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் தண்ணீர் குடித்தாள், குடித்தாள், பாட்டில் காலியான பிறகும் குடித்தாள். நாலாம் வகுப்பு சார் கை கட்டி நின்றார். அவர் ஒருவர்தான் எதுவும் சொல்லாமலிருந்தவர், அதனால் அவர் ஒருவரால்தான் அவளை நேராகப் பார்க்க முடிந்தது.

சின்னவளின் கை எழுந்தது. தோள்வரை எழுந்தது. பெரியவளின் மூச்சு திரும்பி வந்தது. அந்தக் கை அங்கிருந்து காதுப் பக்கம் போயிற்று, கலையாத மயிரை ஒதுக்கிவிட்டது, இறங்கி மடியில் உட்கார்ந்துகொண்டது.

எச்.எம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவள் எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். சரி, மணி அடிக்கணும் என்று மட்டும் அவர் சொன்னார்.

எல்லாரும் போன பிறகு சின்னவள் மட்டும் நின்றாள். கணக்கு மணியை அவளிடம்தான் கொடுப்பதாக எச்.எம். அம்மா போன வாரமே சொல்லியிருந்தாராம். தேர்வில் பிள்ளைகள் நன்றாக வாங்கினால் வேலை நிரந்தரமாகும் என்று ஒரு பேச்சு இருந்ததாம். மற்றவர்களெல்லாம் எப்படியும் அக்காவுக்குத் தூக்குவார்கள், தன் ஒரு கை இல்லாவிட்டால் என்ன என்று நினைத்தாளாம். அழுதுகொண்டே சொன்னாள். பெரியவள் அதையெல்லாம் கேட்டாள். நிரந்தர வேலை என்பது சின்ன விஷயம் இல்லை. வந்து சொல்லியிருந்தால், போ, நீ கணக்குக்கே தூக்கு என்று அவளே சொல்லியிருப்பாள்.

"அது போகட்டும். நேத்து ஏன் தூக்கினேன்னு சத்தியம் பண்ணே?"

"உங்க மூஞ்சியப் பார்த்துட்டு எப்படிக்கா சொல்றது."

"காலையில நான் அந்த அம்மாவைப் பொய்க்காரின்னு சொல்லப் போறேன்னு உனக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கறப்போ சொன்னேன். நீயும் தலையாட்டினே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

சின்னவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது என்றாள். அப்புறம், கோபமா அக்கா என்றாள். கோபம் என்றால் ஆறிவிடும். இது என்ன என்று பெரியவளுக்கே பேர் தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. கடைசி மணிக்கு முன்னால் பெரிய டீச்சர் பிள்ளைகளிடம் சொன்னாள். டீச்சர்கள் எல்லாரும் ஓட்டு போட்டோம். இனிமேல் இந்த நேரத்தில் கணக்கு. பாலத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்துகொள்ளலாம். நான் தோற்றுவிட்டேன், தோற்றால் தோற்றதுதான்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்குப் பல தடவை சொல்லிப் பழகியிருந்தாள். அதனால் குரல் உடையவில்லை. சின்னவள் கணக்கு அட்டைகளோடு வாசலில் வந்து நின்றதும் பிள்ளைகள் வணக்கம் சொன்னார்கள். அவளை அவர்களுக்குப் பிடிக்கும். விகடமாகப் பேசுவாள். வக்கீல் மட்டும் உட்காராமல் நின்றாள்.

"சின்ன டீச்சர், நீங்க எங்களுக்குக் கை தூக்கினீங்களா?"

பின்வரிசையிலிருந்து பொக்கை அவளை அதட்டினான். அதெல்லாம் கேட்கக் கூடாது, அது ரகசியம், டீச்சர் சொல்லியிருக்கிறார் இல்லையா என்றான். பல் இல்லாத வாயில் ரகசியம் என்ற சொல் காற்றாக வந்தது. நாலு பேர் சிரித்தார்கள். பெரியவளுக்கு உள்ளே ஏதோ இளகியது. இந்தப் பிள்ளையே கதவைத் திறந்து வைத்துவிட்டான். ஆமாம், அது ரகசியம் என்று சொல்லிவிட்டுச் சின்னவள் உள்ளே வந்துவிடலாம். பெரியவளும் வாய் திறக்காமல் வெளியே போய்விடுவாள்.

சின்னவள் சிரித்தாள். வக்கீலின் தலையைத் தடவினாள்.

"தூக்கினேன்டா கண்ணு. உங்க டீச்சருக்கு நான் தூக்காம யார் தூக்குவா?"

பிள்ளைகள் திரும்பிப் பெரிய டீச்சரைப் பார்த்தார்கள். அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். எத்தனையோ வருஷம் இந்தச் சின்னவளுக்காக எதற்கெல்லாமோ ஆட்டிய தலைதான் அது. இப்போது ஆடவில்லை.

"இல்ல. டீச்சர் தூக்கல. ஒரு கைதான் எழுந்தது. அது என் கை."

வக்கீல் இரண்டு டீச்சர்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் அவள் கேட்டது வாதாடுகிற குரலில் இல்லை. ஏழு வயசுக் குரலில்தான் கேட்டாள்.

"அப்ப ஏன் டீச்சர் தூக்கினேன்னு சொன்னீங்க?"

சின்னவள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கூட்டல் கணக்கு ஒன்றை எழுதத் தொடங்கினாள். சுண்ணக்கட்டி ஒடிந்து விழுந்தது. பெரியவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த நேரத்துக்கு அவளுக்கு நூலக அறையில் வேலை போட்டிருந்தார்கள். வராந்தாவின் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னால் சிரிப்பு வெடித்தது. சின்னவள் ஏதோ விகடம் செய்திருக்கிறாள். முதலில் சில குரல்கள், அப்புறம் வகுப்பு முழுக்க. பொக்கையின் சிரிப்பு தனியாகக் கேட்டது. வக்கீலின் சிரிப்பு அதில் இருக்கிறதா என்று அவள் நின்று காது கொடுத்தாள். இருந்தது. குழந்தைகள்தானே, சிரிக்காமல் என்ன செய்யும், சிரிக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் நகர முடியவில்லை.

பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தத்தில் சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, பிள்ளைகள் முன்னால் தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டதாகச் சொன்னாள். குரலில் வருத்தம் இருந்தது, நடிப்பு இல்லை. உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன், உங்களுக்கு யாருமே தூக்கவில்லை என்று தெரிந்தால் குழந்தைகள் மனசு என்ன பாடுபடும், அதை நீங்கள் யோசிக்கவே இல்லையே என்றாள்.

"எனக்கு மனசுல உங்க பக்கம்தான்க்கா. கைதான் எழும்பல. அதுவும் ஒண்ணுதானே."

பெரியவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அவள் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் நிஜமாகவே கை தூக்கினவளாகிவிடுவாள். அக்காவுக்காகத் தூக்கினேன், அக்காதான் புரிந்துகொள்ளவில்லை என்று யாரிடமாவது சொல்லி அழுவாள். அந்தக் கதையில் பெரியவள் யாராக இருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பஸ் வந்தது. சின்னவள் முண்டியடித்து ஏறி, வழக்கம்போல ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு இடம் பிடித்தாள். கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கி, இங்கே இங்கே என்று ஆட்டினாள். அந்தக் கை நன்றாகவே எழும்பியது.

பெரியவள் படிக்கட்டில் கால் வைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றுகூட சொல்லவில்லை. நடத்துநர் விசில் ஊதினார். இரண்டு நிறுத்தம் தள்ளி யாராவது வந்து, இந்தப் பையை எடுங்கள் என்று கேட்கும்வரை அந்த இடம் அப்படியே காலியாகப் போய்க்கொண்டிருந்திருக்கும்.